உவர்மீன் ஒதுக்கத்தொட்டி வகைநூல்

பாயிரம்

மாணாக்கனே, இந்நூல் நுதலியது யாதெனின், கடல்நீர்த் தொட்டியில் மீன் வளர்ப்போன் புதிதாய் வாங்கிய மீனைப் பழைய மீன்களோடு கூட்டுமுன் தனியே இருத்துதற்குரிய தொட்டியை, குறைந்த செலவில், சென்னை அடுக்ககம் ஒன்றின் உள்ளே அமைக்குமாறு உணர்த்துதல். அத்தொட்டி ‘ஒதுக்கத்தொட்டி’ எனப்படும். காட்சிக்குரிய மற்றையது ‘பெருந்தொட்டி’ எனப்படும். பெருந்தொட்டி சிறிதாயினும் பெருந்தொட்டியே என்க.

ஒதுக்கத்தொட்டியின் வரையறை மூன்று கூறு உடையது: நோய் வருமுன் அமைவது, அழகின்மை உடையது, நாள் எல்லை கொண்டது. இவற்றுள் ஒன்று குறையினும் அப்பெயர் பெறாது. அதனொடு மயங்கற்பாலனவும் மூன்று. முதலாவது மருத்துவத்தொட்டி, நோய் கண்டபின் தேடப்படுவது, கடைகள் அடைத்தபின், இரவு பத்து மணிக்குமேல் அமைக்கப்படுதல் இதன் சிறப்பியல்பு. இரண்டாவது பழக்குகலம், பை நீரின் உவர்மையும் வீட்டு நீரின் உவர்மையும் ஒத்துவரும் வரை மீன் இருக்கும் வாளி. மூன்றாவது பரண்தொட்டி, முன்னர் நன்னீர் மீன் வாழ்ந்து, மாண்டு, பின்னர் மேலேற்றப்பட்டது, உள்ளே பழைய செய்தித்தாள் உடையது. ஒழுகாதாயின் இதனை ஒதுக்கத்தொட்டியாக உயர்த்தலாம். ஒழுகுமா என்பதை மொட்டைமாடியில் நீர் நிரப்பி ஒருநாள் வைத்து அறிக, கூடத்தில் அறியற்க.

புதியோரை ஒதுக்கி வைக்கும் வழக்கின் தொன்மையும் சிறிது கூறுதும். அட்ரியாட்டிக் கரையிலுள்ள ரகூசா, அஃதாவது இன்றைய துப்ரோவ்னிக், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் 30 நாள் புறத்தே தங்கிய பின்னரே உள்ளே வரலாம் என 1377-இல் நெறி வகுத்தது. தமிழ்நிலத்தில், வெள்ளையர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, உடல்நிலை ஆயப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அதே மண்டபத்தில் இன்று நடுவண் கடல்மீன் ஆய்வு நிலையத்தின் வட்டார மையம் உள்ளது. அங்கே கோமாளி மீன்கள் தொட்டிகளில் குஞ்சு பொரிக்கின்றன. இவ்விரண்டையும் இணைத்துக் கூறின் தனிநூலாய்ப் பெருகும் என அஞ்சி விடுத்தாம்.

பகையியல்

புதுமீனொடு வரும் பகை நான்கு. அவற்றுள் தலையாயது வெண்புள்ளி நோய். இதனைத் தருவது கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்னும் ஒற்றைக் கண்ணறை உயிரி. அதன் வாழ்வு நான்கு பருவத்தது. நான்கையும் நெட்டுருச் செய்க, மருந்தும் நாளும் இவற்றைப் பற்றியே நிற்றலின்.

ஒன்று, ஒட்டுண் பருவம். உயிரி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே தங்கி 3 முதல் 7 நாள் உண்ணும். வெளியே உப்புத் துகள் தூவியதுபோல் தோன்றுவது இதுவே. தோலின் அடியில் இருத்தலின் மருந்து இதனைத் தொடாது. இரண்டு, ஊர்பருவம். உண்டு கொழுத்த உயிரி மீனை விட்டு நீங்கி அடித்தளத்தில் சில மணிப்பொழுது ஊரும். மூன்று, கூட்டுப்பருவம். கிடைத்த பரப்பில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே பலவாய்ப் பிளக்கும். பெரும்பாலும் 3 முதல் 28 நாளில் கூடு திறக்கும். 72 நாள் கழித்துத் திறந்ததும் ஆய்வில் பதிவாகியுள்ளது. நான்கு, தேடுபருவம். கூட்டினின்று வெளிப்பட்டவை நீந்தி மீனைத் தேடும். ஓரிரு நாளில் மீன் கிட்டாவிடின் மாயும். செம்பு மருந்து கொல்வது இந்நான்காம் பருவத்தையே.

இதனால் பெறப்படுவன இரண்டு. பெருந்தொட்டியில் நோய் புகுந்துவிடின், மீன் அனைத்தையும் எடுத்துவிட்டு அதனை 76 நாள் மீனின்றி வைக்க வேண்டும் என்று மீன்வளர்ப்போர் வகுத்தனர்; 72-க்குமேல் நான்கு நாள் அரண். மற்றொன்று, புள்ளி மறைதல் நோய் நீங்குதல் அன்று. ஒட்டுண் பருவம் முடிந்து உயிரி கீழே இறங்கிற்று என்பதே அதன் பொருள். அந்நாளில் “சரியாயிடுச்சு” என்று இல்லத்தார்க்கு அறிவிப்போன் கடைமாணாக்கன் எனப்படுவான்.

அற்றேல், புள்ளி தோன்றாத மீன் தூயதோ எனின், அன்று. செவுளில் மட்டும் இருப்பின் கண்ணுக்குப் புலப்படாது.

இரண்டாம் பகை பொற்றூள் நோய். அமைலூடினியம் ஓசெல்லேட்டம் என்பது உயிரி. உடலில் பொன்மாப் பூசியதுபோல் தோன்றும். ஆயின் அம்மாத் தோன்றுமுன்னரே செவுள் கெட்டு, மீன் விரைந்து மூச்சிழுக்கும். நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும். சில நாளில் மாயும். இப்பகை பொறுத்திராது என்பதே வெண்புள்ளியினின்று தலையாய வேறுபாடு. மூன்றாவது தோலுரி நோய். புரூக்ளினெல்லா என்னும் உயிரியால் வருவது. கோமாளி மீனை மிகுதியும் பற்றும். செம்புக்கு அடங்காது, ஃபார்மலினுக்கு அடங்கும். நான்காவது தட்டைப்புழு. மீன்மேல் இருக்குங்கால் ஊடுதோற்றம் உடையதாய்க் கண்ணில் படாது. வெப்பமும் காரநிலையும் ஒத்த நன்னீரில் ஐந்து நிமையம் மீனைக் குளிப்பாட்டின் வெளுத்து உதிரும். கரிய வாளியில் குளிப்பாட்டுவோர் எண்ணியும் பார்க்கலாம்.

“ரெண்டு மாசமா நம்மகிட்டதான் இருக்கு சார், ஒண்ணும் ஆகல” என்னும் கடைச்சொல்லை ஐந்தாம் பகையாக வைப்பாரும் உளர். அது பகை அன்று, பகைக்குத் துணை என்பது எம் கோள்.

உறுப்பியல்

ஒதுக்கத்தொட்டியின் உறுப்புகளை ‘உள்ளன’, ‘இல்லன’ என இரண்டாகப் பகுத்துக்கொள்க. இல்லனவே மிகுதி; செலவுக் குறைவு அவற்றினின்றே பிறப்பது. மணல் இல்லை, பாறை இல்லை, பவளம் இல்லை, சிறந்த விளக்கு இல்லை. மணலும் சுண்ணப்பாறையும் செம்பு மருந்தை உறிஞ்சும். கூட்டுப்பருவத்துக்கு இடமும் தரும். பவளமும் நத்தையும் இறாலும் செம்பால் மாயும். ஆதலின் இல்லாமை ஈண்டுக் குறையன்று, கருவி.

உள்ளனவற்றுள் முதலாவது கலம். இது மூவகை. கண்ணாடிக்கலம்: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உடையது சிறு மீன் இரண்டொன்றுக்குப் போதும். மேலே இரண்டு விரற்கடையளவு விட்டு நிரப்பின் ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும். ஞெகிழிப்பெட்டி: கம்பளியும் பழந்துணியும் இட்டுவைக்கும் மூடிப்பெட்டி. விலை குறைவு, நிரப்பியபின் பக்கங்கள் புடைக்கும். புடைப்பு இருவகைப்படும், நிலைபுடைப்பு, வளர்புடைப்பு என. வளர்புடைப்பைக் கண்டவுடன் மின்பலகையை அணைக்க. தெர்மாக்கோல் பெட்டி: வெப்பத்தைக் காக்கும், பக்கவாட்டில் நோக்க இயலாது. நோய் ஆய்தற்குரிய தொட்டியில் நோக்க இயலாமை பெருங்குறையாதலின் இது கடைக்கலம்.

இரண்டாவது நீர். கடல்நீரை மொண்டு வருவதே செலவின்மை எனக் கருதி, கூவமும் அடையாறும் கடலொடு கூடும் இரு கழிமுகங்களுக்கு இடைப்பட்ட மெரினாக் கரையில் குடத்தொடு நிற்பாரை இந்நூல் ஏற்காது. கலந்தநீரே கொள்க. வீட்டு வாயிலில் இறக்கப்படும் 20 லிட்டர் கேன் இரண்டும், மூன்றாவதில் பாதியும் வேண்டும். மிஞ்சிய பாதியை வைத்திருக்க. நீர் ஆவியாகிக் குறையுங்கால் நன்னீரே ஊற்றப்படும், உப்பு ஆவியாகாமையின். மாநகரக் குழாய்நீராயின் குளோரின் நீக்கும் நீர்மம் சேர்க்க. லிட்டருக்கு 35 கிராம் என்னும் கணக்கில் கடல்மீனுக்குரிய கலப்புப்பு ஒன்றே முக்கால் கிலோ கரைக்க. சமையலறை உப்பு இதற்கு ஆகாது. அது பருப்புக்கு உரியது. ஒப்படர்த்தி 1.025 வரும் வரை அளந்து அளந்து சேர்க்க.

மூன்றாவது காற்றுப்பொறியால் இயங்கும் வளிநுரைப்பஞ்சு. விற்போர் இதனை ‘ஸ்பான்ஜ் ஃபில்டர்’ என்பர். கொளத்தூர்க் கடைகளில் அவ்வாறே கேட்க, இந்நூற்பெயரால் கேட்பின் எடுத்துத் தாரார். இப்பஞ்சினைப் பெருந்தொட்டியின் அடிக்கலத்தில் சில கிழமை முன்னரே இட்டு வைத்தல் வேண்டும். என்னை? எனின், மீன் தன் செவுள்வழி அம்மோனியாவை விடும். அதனைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சின் துளைகளில் குடியேற நாள் ஆகும். குடியேற்றம் இல்லாப் பஞ்சு வெறும் பஞ்சு. நோயால் மாயும் மீனினும் ஒதுக்கத்தொட்டியின் அம்மோனியாவால் மாயும் மீன் இரங்கத்தக்கது. கடல்நீர் காரநிலை மிக்கதாதலின் அம்மோனியாவின் நச்சுக்கூறு நன்னீரினும் இங்கு மிகும் என்பதும் உணர்க. நாள்தோறும் ஆய்ந்து, ஏறின் நீரை மாற்றுக. அம்மோனியாவைக் கட்டும் நீர்மத்தைச் செம்பு மருந்தொடு கலவற்க. சில செம்பு மருந்துகள் அதனொடு கூடிக் கொடிதாகும்.

நான்காவது வெப்பம். மேலைநாட்டு நூல்கள் வெப்பக்கோலை முதற்கண் வைக்கும். வேண்டுவது 25 முதல் 27 பாகை. சென்னையில் சித்திரையும் வைகாசியும் அதனைக் கேளாமலே கடத்தலின், ஈண்டு வேண்டுவது வெப்பக்கோல் அன்று, சிறு மின்விசிறி. அது நீர்ப்பரப்பில் வீசும்படி வைப்பின் ஓரிரு பாகை தணியும். குளிரூட்டிய அறையில் வைப்போன் மட்டும் வெப்பக்கோல் வாங்குக.

ஐந்தாவது மூடி. கொசுவலை போதும். உளுவை குதிக்கும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுவோர் மூடாது வைத்து விடியலில் தரையைக் காண்க.

மறைவியல்

மணலும் பாறையும் நீக்கியபின், மீன் ஒளிதற்கு ஓர் இடம் வேண்டும்; ஒளியிடம் அற்ற மீன் அஞ்சி உணவு மறுக்கும். அவ்விடம் பி.வி.சி. குழாய்த்துண்டு. குழாய்ப்பணி செய்வோர் எறிந்த வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கின் செலவே இல்லை. ஒட்டுப்பசை படாத துண்டு கொள்க. இவ்வியல் இந்நூலின் நடுவுறுப்பாதலின் சற்று விரிக்கப்படும்.

துண்டுகள் வடிவால் நால்வகை. நேர்த்துண்டு: இருவாயில் உடையது. மீன் ஒரு வாயிலில் நுழைந்து மறுவாயிலில் நோக்கும். முழங்கைத்துண்டு: விற்போர் ‘எல்போ’ என்பர். ஒரு வாயிலிலிருந்து மறுவாயில் தோன்றாது. ஆதலின் அச்சமிகு மீனுக்கு இதுவே அடைக்கலம். முக்கிளைத்துண்டு: ‘டீ’ எனப்படும், அருந்துவது அன்று. மூன்று வாயிலும் ஒரே மீனால் காக்கப்படற்குரியது. நாற்கிளைத்துண்டு: விலை மிகுதி, மறைவு குறைவு, இதனை வாங்குவோன் வடிவ விருப்பினன் என்று அறிக.

இனி, குழாயை ஆளும் முறையால் மீன் நால்வகைப்படும். உறைவான்: உள்ளே புகுந்து தலைமட்டும் நீட்டி இருப்பது, உளுவை இவ்வகை. சூழ்வான்: குழாயினுள் புகாது அதன் மருங்கே நின்று அதனைத் தனது என்பது, கோமாளி மீன் இவ்வகை. கவர்வான்: தனக்கொரு குழாய் இருக்கவும் பிறர் குழாயை நாடுவது. கடையில் ‘டாம்சல்’ எனப்படும் நீலச் சிறுமீன் இதற்கு எடுத்துக்காட்டு. முக்கிளைத்துண்டின் மூன்று வாயிலையும் காத்து, நேர்த்துண்டில் இருப்பதையும் துரத்தும். நான்காவது பொருந்தான்: குழாயின் வாயிலினும் தான் பெரியதாய் இருப்பது. கத்திவாலன் வளர்ந்தபின் இவ்வகை. இதற்குக் குழாயை மாற்றுதல் தீர்வன்று, தொட்டியை மாற்றுதலே தீர்வு.

மீனின் எண்ணிக்கையினும் குழாய் ஒன்று மிகுதியாக இடுக. மிகுந்த ஒன்றும் கவர்வானுக்கே உரியதாகும், ஆயினும் இடுக.

மணலில் புதைந்து துயிலும் மீன்கள் சில உள. அவற்றுக்குக் குழாய் ஆகாது. சிறு கிண்ணத்தில் மணல் இட்டு மூலையில் வைக்க. மருந்து இடுங்கால் அது மருந்தை உறிஞ்சும் ஆதலின், அளவை அடிக்கடி ஆய்க.

இடவியல்

ஒதுக்கத்தொட்டியின் நீர்த்திவலை பெருந்தொட்டியில் விழலாகாது. பத்தடி தள்ளி வைக்க என்பர். வலை, குவளை, வாளி ஆகியன வேறு நிறத்தனவாகத் தனியே இருத்தல் வேண்டும். அவ்வாளியின்மேல் ‘மீனுக்கு’ என்று பெரிதாய் எழுதுக.

சென்னை அடுக்ககத்தில் பெருந்தொட்டிக்குப் பத்தடி அப்பால் உள்ள இடங்கள் ஐந்து. வெளிமாடம், வெயில் படுவது; குளியலறை, வழலைநுரை தெறிப்பது; சமையல் மேடையின் கீழ், எரிவளி உருளை அருகிருப்பது; படுக்கையறை, காற்றுப்பொறியின் ஓசையால் துயில் கெடுப்பது; அண்டைவீடு. ஐந்தனுள் படுக்கையறையை யாம் ஏற்கிறோம். மின்கம்பி சுவர்ப்பொருத்திக்கு நேரே செல்லாது, ஒருமுறை கீழே தொங்கி மேலேறுமாறு வைக்க. வழியும் உப்புநீர் அவ்வளைவில் சொட்டிவிடும்.

இல்லத்தார் கூற்று இருவகை. “ஏங்க, இது எப்ப போகும்?” என்பது நாள் பற்றியது, நாளியலால் விடை கூறுக. “இதுல என்ன இருக்குன்னு இதை வேற வச்சிருக்கீங்க?” என்பது அழகு பற்றியது, அழகின்மை வரையறையுள் அடங்கும் என்று கூறுக. கூறியபின் அவ்வறையில் நில்லற்க.

நாளியல்

ஒதுக்கம் நான்கு முறை. நோக்கொதுக்கம்: மருந்தின்றி 30 நாளேனும் நோக்கியிருத்தல். மருந்தொதுக்கம்: செம்பினை அளந்து, சில நாளில் படிப்படியாக ஏற்றி, மருந்தின் மேலெழுதிய அளவிலேயே நிறுத்துதல். அளவு குறையின் உயிரி மாயாது, மிகின் மீன் மாயும். ஆய்வுப்பெட்டி இன்றிச் செம்பு தொடற்க. உவர்குறைப்பொதுக்கம்: ஒப்படர்த்தியை 1.009-க்கு இறக்குதல். வெண்புள்ளிக்கு ஆகும், பொற்றூளுக்கு ஆகாது. செம்மையான அளவி வேண்டும். ஆடும் முள்ளுடைய மலிவான அளவியை நம்பற்க.

நான்காவது இடமாற்றொதுக்கம். 20 லிட்டர் வாளி இரண்டு கொள்க. முதல் வாளியில் மீனை விட்டு, 72 மணிப்பொழுது முடியுமுன் இரண்டாவதற்கு மாற்றுக. முதலாவதைக் கொட்டிக் கழுவி நன்கு உலர்த்துக. இவ்வாறு நான்கு மாற்றம். மொத்தம் 12 நாள். கூடு மூன்று நாளுக்குமுன் திறவாமையின், கீழே இறங்கிய உயிரி வாளியோடு கொட்டப்படும். மருந்தே வேண்டாத முறை இது. ஆயின் வெண்புள்ளிக்கு மட்டுமே உரியது. செலவு குறைவோ எனின், ஐந்து நிரப்புக்கு 100 லிட்டர் நீரும் மூன்றரைக் கிலோ உப்பும் ஆகும்; தொட்டியில் பிடித்த மிச்சம் உப்பில் கரையும்.

முறிவியல்

நாள் எல்லைக்குமுன் மீனைப் பெருந்தொட்டிக்கு மாற்றுதல் முறிவு எனப்படும். முறிப்போர் பலர். முதல்நாள் முறிப்போன், தொட்டியே அமைக்காதவன். அவனை முறிப்போன் என்பதா இலன் என்பதா என்பது வழக்கு. ஏழாம்நாள் முறிப்போன், மீன் நன்றாய் உண்பதைச் சான்றாகக் காட்டுவான். பதினான்காம்நாள் முறிப்போன், உறவினர் வருகையைக் காட்டுவான். பெருந்தொட்டியில் நிறம் குறைந்து தோன்றும் என்பான். இருபத்தொன்பதாம்நாள் முறிப்போன் அரியன். அவன்பால் குறை காண்டற்கு எமக்கு மனம் இல்லை. ஆயினும் பட்டியலில் சேர்த்தாம்.

புறனடை

மேற்கூறியவற்றுள் அடங்காதன சில. விலாங்குக்கு மூடிமேல் கல் வைக்க. கடற்குதிரை இந்நூலின் புறத்தது. நம் நாட்டில் 2001 முதல் காக்கப்படும் உயிர்களுள் வைக்கப்பட்டது, விற்போர் காட்டினும் வாங்கற்க. மீனில்லா நாளில் ஒதுக்கத்தொட்டியை உலர்த்தி வைத்தல் நன்று. அந்நாளில் அதனுள் வெங்காயம் இடுதல் பல இல்லங்களில் காணப்படுவது. செம்பு இட்ட தொட்டியாயின் உண்பொருள் இடற்க.

ஒரு மீன் ஒதுக்கத்தில் இருக்கும்போதே, விலை குறைந்தது கண்டு மற்றொரு மீனை வாங்கி அத்தொட்டியிலேயே விடுவோன் இருப்பின், நாள் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். பின்வந்ததற்கு மட்டுமன்று, முன்னதற்கும். முன்னது அன்று இருபத்தொன்பதாம் நாளில் இருப்பினும் அதுவே நெறி.